ஓடிப் போய் உதவுவது: சில குறிப்புகள்

இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. தள்ளிப் போனதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. நடுவில் என் முழங்கால் கெட்டுப்போனது. அதோடு சேர்ந்து, நான் எழுத நினைத்திருந்த முடிவும் மாறிவிட்டது.

ஆரம்பித்து வைத்தவர் அம்மா. அவர் மதுரையில் தனியாக இருக்கிறார், நான் லண்டனில், ஈஸ்ட் ஹாமில். ஒரு புதன்கிழமை வீடியோ காலில் பேசும்போது என் கையில் இருந்த கீறல்களைப் பார்த்துவிட்டார். "என்னப்பா அது?" முட்புதர் வெட்டினேன் என்றேன். எங்கே? ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில். எப்போது? நேற்று ராத்திரி ஏழு மணிக்கு. எப்படிப் போனாய்? ஓடிப் போனேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி நேரத்துல சுடுகாட்டுக்கு ஓடிப் போயி முள்ளு வெட்டுனியா? ஏப்பா, அந்த ஊர்ல கார்ப்பரேஷன்காரங்க இல்லையா?" என்றார்.

சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் மூன்று நல்ல கேள்விகள் இருக்கின்றன. உதவி செய்ய எதற்கு ஓட வேண்டும்? அந்த வேலையால் யாருக்காவது உண்மையில் பிரயோஜனம் உண்டா? சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் ஏன் சும்மா செய்கிறோம்?

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லண்டனில் 2009 வாக்கில் குட்ஜிம் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. ஆரம்பித்தவர் ஐவோ கோர்ம்லி. ஆவணப்படம் எடுப்பவர், சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் மகன். அவருக்கு ஜிம் பிடிக்காது. இவ்வளவு பேர் ஒரு கட்டடத்துக்குள் காசு கட்டி, நகராத சைக்கிளை மிதித்து, யாருக்கும் உதவாத சக்தியை வியர்வையாக வீணடிக்கிறார்களே என்பது அவருடைய ஆதங்கம். வீட்டை விட்டு அதிகம் வெளியே வர முடியாத ஒரு முதியவருக்குச் செய்தித்தாள் கொண்டு போய்க் கொடுப்பதை அவர் தன் ஓட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். பேப்பர் போக வேண்டும், நானும் ஓட வேண்டும், ரெண்டையும் சேர்த்தால் என்ன என்பதுதான் யோசனை. கிழக்கு லண்டனில் ஆரம்பித்த இது பிறகு பிரிட்டனின் பல நகரங்களுக்குப் பரவியது. சிவப்பு டீ-சர்ட் போட்ட கும்பல் ஒன்று மண்வெட்டியோடு எதிரே வந்தால் அவர்களாக இருக்கலாம்.

அவர்கள் செய்வது மூன்று வகை. ஒன்று, குழுவாக ஓடிப் போய் ஒரு பொது இடத்தில் உடலுழைப்பு: தோட்டத்தில் உரம் அள்ளுவது, உணவு வங்கியில் டின்களைத் தேதிவாரியாகப் பிரிப்பது, துண்டறிக்கை போடுவது. இரண்டு, தனியாக இருக்கும் முதியவர் ஒருவருக்கு ஒரே ஒரு தடவை செய்யும் வேலை: பல்பு மாற்றுவது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவருக்காகக் கட்டிலை மாடியிலிருந்து கீழே இறக்கி வைப்பது. மூன்று, ஒரே முதியவரைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது. இந்த மூன்றாவதில் ஒரு வேடிக்கை உண்டு, பிறகு வருகிறேன்.

நான் ஓடுவது இதே மாதிரியில் நடக்கும் ஒரு சின்ன அக்கம்பக்கக் குழுவில். கீழே நான் சொல்லும் சொதப்பல்கள் எல்லாம் எங்களுடையவை, குட்ஜிம் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியும். ஆறே முக்காலுக்கு ஒயிட்சேப்பலில் கூடுவோம். பத்துப் பேர் வந்தாலும் உண்டு, இருபது பேர் வந்தாலும் உண்டு. பைகளை ஒரு அறையில் போட்டுவிட்டு, புதிதாக வந்தவர்கள் பெயர் சொல்லி, மைல் எண்ட் ரோடு வழியாகக் கிளம்பினால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் டவர் ஹாம்லெட்ஸ் கல்லறைப் பூங்கா. 1841இல் திறந்த கல்லறை. 1966க்குப் பிறகு அங்கே யாரையும் புதைப்பதில்லை. இப்போது அது இயற்கைப் பாதுகாப்பிடம்: சாய்ந்த கல்லறைக் கற்களுக்கு நடுவே மரங்கள், குளங்கள், பட்டாம்பூச்சிகள். காடாகத் தெரிந்தாலும் கை வைக்காமல் விட்டால் பிளாக்பெர்ரி முள் மூடிவிடும், பாதை போய்விடும், வெயில் தேவைப்படும் பூச்செடிகள் செத்துவிடும். அதனால் ஆள் வேண்டும்.

ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. கடைசி ஆளோடு எப்போதும் ஒருவர் ஓடுவார். வேகமானவர்கள் முன்னால் போய்விட்டால் சும்மா நிற்கக்கூடாது, திரும்பி ஓடி வந்து கடைசி ஆளைத் தொட்டுவிட்டு மறுபடி முன்னே போக வேண்டும். அதனால் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, யாரும் பின்தங்கி அவமானப்படுவதும் இல்லை. முதல் நாள் நான்தான் அந்தக் கடைசி ஆள். என்னைத் தொட்டுவிட்டு ஓடிய ஒரு பெண் மொத்தம் எட்டு தடவை வந்தார். எண்ணிக்கொண்டே ஓடினேன், வேறென்ன செய்ய.

அங்கே போனால் கையுறை, நீளக் கைப்பிடிக் கத்தரி, தள்ளுவண்டி எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டு நிமிடம் விளக்கம். நாற்பது நிமிடம் வேலை. இருட்டு சீக்கிரம் வரும் மாதங்களில் நெற்றி விளக்கு. அப்புறம் ஒரு போட்டோ, திரும்ப ஓட்டம். எட்டரைக்கு முடிந்துவிடும்.

இனி அம்மாவின் முதல் கேள்வி. ஏன் ஓட வேண்டும்? பஸ்ஸில் போய் முள் வெட்டினால் முள் வெட்டுப்படாதா?

'ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்' என்பது வழக்கமான பதில். ஆரோக்கியமும் ஆச்சு, சேவையும் ஆச்சு. எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. தனித்தனியாகச் செய்தால் ரெண்டுமே இன்னும் நன்றாக நடக்கும். நன்றாக ஓட வேண்டும் என்றால் நடுவில் நாற்பது நிமிடம் நின்று குனிந்து முதுகைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. நன்றாக முள் வெட்ட வேண்டும் என்றால் வியர்வையில் நனைந்த டீ-சர்ட்டோடு குளிரில் நிற்கக் கூடாது.

உண்மையான பதில் வேறு என்று நினைக்கிறேன். உதவி செய்ய மனசில்லாமல் இருப்பவர்கள் குறைவு. 'ஒரு நாள் போகணும்' என்று நினைத்து அந்த ஒரு நாள் வராமலேயே போகிறவர்கள்தான் அதிகம். நானே பத்து வருடம் அப்படி இருந்தேன். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் பிரபலம். ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும் என்று பொதுவாக எண்ணுவதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தால் அது நடந்தேறும் வாய்ப்பு அதிகம் என்பது சாரம். ஓட்டக் குழுக்கள் இதை எந்தக் கட்டுரையும் படிக்காமலேயே கண்டுபிடித்துவிட்டன. செவ்வாய், ஆறே முக்கால், ஒயிட்சேப்பல். மழை பெய்தாலும் அதுதான். நான்கு நாளைக்கு முன்னால் ஒரு தோட்டத்துக்கு மெயில் அனுப்பி, பதில் வந்து, நேரம் ஒத்துவராமல் போகும் தலைவலி எனக்குக் கிடையாது. அதை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். நான் ஷூ கட்டினால் போதும்.

இன்னொன்று, சேர்ந்து ஓடுவதே மனிதர்களைக் கொஞ்சம் மாற்றுகிறது. 2010இல் ஆக்ஸ்போர்டில் படகு வலிக்கும் 12 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், ராபின் டன்பார் குழுவினர். தனியாக இயந்திரத்தில் துடுப்பு வலித்த பிறகும், சேர்ந்து ஒரே தாளத்தில் வலித்த பிறகும் வலி தாங்கும் சக்தியை அளந்தார்கள். உழைப்பு ஒன்றுதான், ஆனால் சேர்ந்து வலித்த பிறகு வலி தாங்கும் சக்தி கூடுதலாக இருந்தது. 12 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான். ஆனாலும், அலுவலகத்தில் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவரோடு பேசாத நான், மூன்று கிலோமீட்டர் கூட ஓடியவரிடம் வாடகைப் பிரச்சினை வரைக்கும் பேசியிருக்கிறேன். மூச்சு வாங்கும்போது பந்தா பண்ண முடியாது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ராபர்ட் புட்னம் 2000இல் வெளியிட்ட புத்தகத்தில், அமெரிக்கர்கள் பௌலிங் ஆடுவது குறையவில்லை, குழுவாகச் சேர்ந்து ஆடுவதுதான் சரிந்துவிட்டது என்றார். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தனியாக ஓடும் லண்டனைப் பார்க்கும்போது அது ஞாபகம் வரும்.

ஆக, ஓட்டம் உதவியின் தரத்தைக் கூட்டுவதில்லை. ஆட்களை அடுத்த வாரமும் வரவைக்கிறது. தன்னார்வ வேலையில் அதுதான் எப்போதும் பற்றாக்குறை.

இரண்டாவது கேள்வி, பிரயோஜனம் உண்டா? இதில் நான் கொஞ்சம் கறாராக இருக்க விரும்புகிறேன். பதினெட்டுப் பேர், நாற்பது நிமிடம் என்றால் மொத்தம் 12 மணி நேர உழைப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 12 மணி நேரத்தை ஒரே ஆள் ஒன்றரை நாளில் செய்வதும், ஒன்றும் தெரியாத பதினெட்டுப் பேர் ஒரே சமயத்தில் செய்வதும் வேறு வேறு. ஒருமுறை ஒரு பள்ளித் தோட்டத்தில் களை பிடுங்கப் போனோம். மாலை வெளிச்சம் மங்கல். எல்லோரும் ஆர்வமாகப் பிடுங்கினோம். கடைசியில் பார்த்தால், குழந்தைகள் பீட்ரூட் விதைத்த ஒரு பாத்தியையும் சேர்த்துச் சுத்தமாகக் காலி செய்திருந்தோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் எங்களைத் திட்டவில்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவர் நாலு தடவை சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. மறுநாள் காலை அந்தக் குழந்தைகளிடம் அவர் என்ன சொல்லியிருப்பார்?

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பாடம். கூட்டத்துக்கு ஏற்ற வேலை என்று ஒரு ஜாதி இருக்கிறது. மரச்சில்லை ஒரு குவியலிலிருந்து அள்ளிப் பாதை முழுக்கப் பரப்புவது, செங்கல்லைச் சங்கிலியாக நின்று கை மாற்றுவது, டின் பிரிப்பது, வேலிக்கு வர்ணம் அடிப்பது. ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம், தப்புச் செய்தால் திருத்தலாம், எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும், முடிந்ததும் கண்ணுக்குத் தெரியும். களை பிடுங்குவது அந்த ஜாதி இல்லை. எது களை என்று தெரிய வருடக்கணக்கில் அனுபவம் வேண்டும். பிளாக்பெர்ரி முள் மட்டும் விதிவிலக்கு, அதை யாரும் பூச்செடி என்று நினைத்து ஏமாற மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், எங்களுக்கு வேலை கொடுப்பதும் ஒரு வேலை. கருவிகளை எடுத்து வைத்து, வேலை முடிந்தபின் தங்கி, பூட்டிவிட்டுப் போக ஓர் ஆள் சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நிற்க வேண்டும். மூன்று பேர் மட்டும் வந்தால் அவருக்கு நஷ்டம். அதனால்தான் முன்பதிவு கேட்கிறோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நானே அப்படி ஒருவனாக ஆனேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் வேறு சில ஊர்க் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் 2016இல் ஸ்டாக்ஹோமில் ஆரம்பித்த 'பிளாகிங்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவது. இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. யாரையும் கேட்காமல் செய்யலாம் என்பது அதன் பலம். யாரையும் சந்திக்காமலும் செய்யலாம் என்பது பலவீனம். பிலடெல்பியாவில் ஆன் மாலம் 2007இல் தொடங்கிய 'பேக் ஆன் மை ஃபீட்' இதைத் தலைகீழாகப் போட்டது. வீடற்றவர்கள் தங்கும் விடுதியைத் தினமும் ஓட்டத்தில் கடந்து போனவர், அவர்களுக்கு என்ன கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று யோசிக்காமல், அவர்களையும் தன்னோடு ஓடக் கூப்பிட்டார். விடியற்காலை ஓட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கு வேலை, வீடு தேட உதவி கிடைக்கிறது.

லண்டனிலேயே பார்க்ரன் இருக்கிறது. 2004 அக்டோபர் 2ஆம் தேதி புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை, ஐந்து கிலோமீட்டர், இலவசம், முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கிறது. அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தார். ஓட முடியாதவர் தன் ஓட்டக்கார நண்பர்களை விட்டுப் பிரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான் அது! நேரம் குறிக்கவும், பார்கோடு ஸ்கேன் பண்ணவும், கடைசி ஆளோடு நடக்கவும் ஆள் வேண்டும், ஆகவே ஓட முடியாதவருக்கும் அங்கே இடம் உண்டு. இந்தத் தகவலை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதன் அர்த்தம் எனக்கு உறைக்க என் முழங்கால் கெட வேண்டியிருந்தது.

இப்போது அந்த மூன்றாவது வகை. தொடர்ந்து பார்க்கப் போகும் முதியவரைக் குட்ஜிம்மில் 'கோச்' என்று அழைக்கிறார்கள். எங்கள் குழுவும் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டது. உதவி பெறுகிறவர் அவர் இல்லையாம், பயிற்சியாளராம். அவர் வீட்டில் காத்திருப்பதால்தான் நீங்கள் சோபாவை விட்டு எழுந்து ஓடுகிறீர்கள், ஆகவே உங்களை ஓட வைக்கிறவர் அவர். முதலில் கேட்டபோது இது விளம்பரக்காரர்களின் வார்த்தை ஜாலம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதில் ஒரு பழைய யோசனை இருக்கிறது. 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்பவர் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்து எழுதினார்: உதவி பெறுகிறவரைவிட உதவி செய்கிறவருக்குத்தான் பல நேரம் அதிக நன்மை. அப்படியானால் வயதானவர்களை எப்போதும் பெறுகிற இடத்திலேயே உட்கார வைப்பது அவர்களுக்குச் செய்யும் நல்லது இல்லையே. நம் ஊரில் பெரியவர்கள் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது எதற்காக? கொடுக்கிற இடத்தை விட்டுக்கொடுக்க மனசு வராது.

இதில் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒருவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது முடிந்து என்னை அனுப்பிய இடம் போ பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. எண்பத்து நாலு வயது. ரூட்மாஸ்டர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மனைவி இல்லை, மகன் ஆஸ்திரேலியாவில்.

கோச் என்ற வார்த்தையை அவர் சீரியஸாக எடுத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குக் கிளம்பினாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று எழுதினார். முப்பத்து நாலு நிமிடம். "இந்த வேகத்துல ஓடினா டிப்போல விளக்கம் கேப்பாங்க" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அடுத்த வியாழன் முப்பத்து மூணு. அவர் முகத்தில் ஒரு திருப்தி. டீ, இரண்டு பிஸ்கட், நாற்பது நிமிடப் பேச்சு. எந்த நிறுத்தத்தில் எந்தக் கடை இருந்தது, யார் டிக்கெட் வாங்காமல் ஏமாற்றுவார்கள், பனிமூட்டத்தில் பஸ்ஸுக்கு முன்னால் எப்படி நடந்து போவது. எட்டு மாதத்தில் என் நேரம் இருபத்தெட்டுக்கு வந்தது. அவர் இல்லாவிட்டால் வந்திருக்காது, சத்தியமாக.

அப்புறம் முழங்கால். பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம் ஓடாதே என்றார். நான் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: ஆறு வாரம் ஓட்டத்துக்கு வர மாட்டேன். கோச்சுக்குப் போன் பண்ணி, காலில் அடி, சரியானதும் வருகிறேன் என்றேன். சரி என்றார். ஆறு வாரம் ஒன்பது வாரமாக இழுத்தது. நடுவில் இரண்டே தடவை போன் பண்ணினேன். குழு வேறு ஆளை அனுப்பலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

பத்தாவது வாரம் ஓடிப் போனேன். நோட்டை எடுத்து, முப்பத்தாறு என்று எழுதினார். முந்தைய ஒன்பது வியாழனுக்கும் தேதி போட்டு வரிசையாகக் காலி விட்டிருந்தார். எதிரில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு கேட்டார், கோபமே இல்லாமல், உண்மையாகவே புரியாமல்: "பஸ்ஸில வந்திருக்கலாமே?"

வீட்டு வாசலில் நின்று மூன்று பஸ் நம்பர் சொல்ல முடியும் எனக்கு. ஒன்பது வாரம் அது என் மண்டையில் தோன்றவே இல்லை. ஓட முடியாது, ஆகவே போக முடியாது. எந்த முடிச்சு என்னை வாரா வாரம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததோ, அதே முடிச்சு அவிழ்ந்தபோது உதவியும் கூடவே போய்விட்டது. முள் வெட்டுவதில் இது பெரிய பிரச்சினை இல்லை. நான் வராவிட்டால் பதினேழு பேர் வெட்டுவார்கள், முள் என்னைத் தேடாது. ஒரு மனிதரைப் போய்ப் பார்ப்பதில் அப்படி முடியாது.

இங்கேதான் என் முடிவு மாறியது. ஓட்டத்தையும் தொண்டையும் சேர்ப்பது அருமையான ஏற்பாடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்த ஏற்பாடு வாசல் வரைக்கும்தான் என்று நினைக்கிறேன். கூட்ட வேலைக்கு ஓட்டம் கடைசி வரை துணை. ஒருவரோடு ஒருவர் பழகும் வேலைக்கு அது முதல் மூன்று மாதம் போதும், அதற்குப் பிறகு ஓட்டம் இல்லாமலும் போகிறவராக நீங்கள் மாற வேண்டும். குழு நடத்துகிறவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: உனக்குக் கால் உடைந்தால் என்ன பண்ணுவாய்? எங்கள் குழுவில் இப்போது கேட்கிறோம். நான்தான் சேர்க்கச் சொன்னேன், காரணத்தையும் சொல்லித்தான்.

மூன்றாவது கேள்வி பாக்கி. கார்ப்பரேஷன்காரர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் 2010இல் டேவிட் கேமரன் பிரதமரான பிறகு உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணம் கடுமையாகக் குறைந்தது. அதே சமயம் 'பெரிய சமூகம்' என்று ஒரு முழக்கம்: அரசு விலகும் இடத்தில் மக்கள் முன்வருவார்கள் என்று. தன்னார்வலர்களைப் பார்த்தால் சிலருக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவதற்கு இது ஒரு காரணம். நியாயமான எரிச்சல். எனக்கு நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, படுக்கையிலிருந்து தூக்குவது பயிற்சி பெற்று, சம்பளம் வாங்கிச் செய்ய வேண்டியவை. ஓடி வருகிற நான் அதைச் செய்தால் அவருக்கும் ஆபத்து, அந்த வேலையை நம்பி இருக்கிறவருக்கும் துரோகம். ஆனால் பனிமூட்டத்துப் பஸ் கதையைக் கேட்பதற்கு எந்த அரசும் எந்தக் காலத்திலும் ஆள் வைத்ததில்லை. தனிமையைக் கவனிக்க 2018 ஜனவரியில் பிரிட்டன் ஓர் அமைச்சரையே நியமித்தது. நல்லதுதான், ஆனால் அமைச்சர் வந்து டீ குடிக்கப் போவதில்லை. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட் குழு 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் அதிகம் என்று வந்தது. டீ, பிஸ்கட் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கல்லறைப் பூங்கா முள் அந்தக் கோட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டால், நேர்மையாக, நடுவில்தான் நிற்கிறது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை மதுரை போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லதுடா. எங்கம்மாவப் பாக்க இங்க யாரு ஓடி வர்றா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அந்த மகனைப் பற்றி நான் மனசுக்குள் என்னென்ன நினைத்திருந்தேனோ அதெல்லாம் அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. இந்த விஷயத்தில் நான் செய்திருப்பது ஒன்றே ஒன்று: அம்மாவுக்குப் போன் பண்ணும் நேரத்தை, தோன்றும்போது என்பதை விட்டு, தினமும் அவருக்கு ராத்திரி எட்டு மணி என்று வைத்திருக்கிறேன்.

முழங்கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. வியாழக்கிழமைகளில் பாதி நாள் பஸ்ஸில்தான் போகிறேன். கோச் அதற்கும் நேரம் குறிக்கிறார், ஆனால் வேறு பக்கத்தில். பஸ் நம்பர், நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் காத்திருந்தேன், டிரைவர் எப்படி ஓட்டினார் எல்லாம் சொல்ல வேண்டும். போன வாரம் பதினொரு நிமிடம் காத்திருந்தேன் என்றதும் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். அவர் காலத்தில் அப்படியெல்லாம் நடக்க விட்டிருக்க மாட்டார்களாம்.